குடையுது, இழுக்குது, எரியுது: ஒரு நாள்பட்ட வலியின் நிகழ்வு ஆய்வு

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது அந்த அம்மா சொன்னது இதுதான்: "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத. சம்பந்தி வீட்டுல படிப்பாங்க." வயது 54. மாமரம், கேழ்வரகு, கொஞ்சம் கடலை என்று இருந்த நிலத்தில் பாதி கடனுக்குப் போய்விட்டது. இப்போது வருமானம் புளியில். தை பிறந்தால் பங்குனி, சித்திரை வரைக்கும் வியாபாரி மூட்டை மூட்டையாக வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார், ஓடு உடைத்து நார் உரித்துக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

நான் பிசியோதெரபிஸ்ட். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற வேலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அதே திட்டம்தான். எங்கள் பக்கம் நடக்க முடியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் என் பட்டியலில் இருப்பார்கள். இந்த அம்மா அதில் சேர்ந்தது, சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த களப்பணியாளர் அக்கா "இவங்க ராத்திரி தூங்கவே மாட்டேங்கறாங்க சார், ஒரு தடவை பாருங்க" என்று சொன்னதால்.

முதல் நாள் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து கொட்டினார். ஒரு எம்ஆர்ஐ, நாலு எக்ஸ்ரே, ஒன்பது வருடத்துச் சீட்டுகள். புடவைக்கு மேலேயே இடுப்பு பெல்ட். எம்ஆர்ஐயில் இரண்டு இடத்தில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்குவது) என்று இருந்தது, அதை யாரோ "ஜவ்வு விலகிடுச்சு, இனி குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இவர் குனிவதில்லை. குடத்தை எடுக்க மருமகளைக் கூப்பிடுவார், கூப்பிட்டதற்கு அவள் முகம் சுளித்தால் அதற்கொரு அழுகை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 50 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரை மாதிரி அதுவும் வயதோடு வருவது. ஆனால் ஒரு தடவை "விலகிடுச்சு" என்று காதில் விழுந்துவிட்டால் அந்தச் சொல்லை யாராலும் திரும்ப எடுக்க முடிவதில்லை.

அன்றைக்கு நான் செய்தது, நேர்மையாகச் சொன்னால், மூன்று தப்பு.

முதல் தப்பு எண். "வலி இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து, இப்போ எத்தனைம்மா?" என்று கேட்டேன். "என்னாப்பா, பரீட்சையா?" என்று சிரித்துவிட்டு "எட்டு போட்டுக்கோ" என்றார். இரண்டு வாரம் கழித்துப் போனபோதும் எட்டு. அதற்கடுத்த தடவையும் எட்டு. நானும் அட்டையில் எட்டு, எட்டு, எட்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது, எட்டு உடற்பயிற்சி படம் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு வந்தது. அது அலமாரித் தட்டில் விரிப்பாகக் கிடந்ததைப் பிறகு பார்த்தேன். மூன்றாவது தப்பு, இடுப்பைத் தாண்டி எதையும் சோதிக்காதது. சீட்டில் இடுப்பு வலி என்று இருந்தது, நானும் இடுப்பைத்தான் பார்த்தேன்.

நாலாவது தடவை போனபோது புளி வந்து இறங்கியிருந்தது. திண்ணைக்குக் கீழே சாக்கு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டைக் கல். இடது கை புளியைப் பிடிக்கிறது, வலது கையில் இருக்கிற இரும்புத் துண்டு இரண்டு தட்டு தட்டுகிறது, ஓடு தெறிக்கிறது, கட்டை விரல் நகத்தால் நாரைப் பிடித்து ஒரே இழுப்பு, அப்புறம் பிளந்து கொட்டையைத் தள்ளுவது. கொட்டை ஒரு முறத்தில், சதை ஒரு கூடையில். நான் பேசிக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் தலை நிமிரவே இல்லை. வழக்கம் போல வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையை நிறுத்தாமல், கொஞ்சம் எரிச்சலோடே சொன்னார்:

"நீ எந்த வலியப்பா கேக்கற? ராத்திரி கையும் காலும் குடையுது. விடிஞ்சா முதுகும் கழுத்தும் இழுக்குது. பாதம் பூராவும் எரியுது. நீ வந்து ஒரே கேள்வியா கேட்டா நான் எதச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. குடைச்சல், இழுப்பு, எரிச்சல். ஒன்பது வருடமாக இந்த மூன்றையும் "வலி" என்ற ஒரே பையில் போட்டு, அதற்கு ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொற்கள்தான் இவை. எறும்பு கடித்தால் சுருக், கட்டி பழுத்தால் விண்விண், நெடுந்தூரம் நடந்தால் கடுப்பு. பாட்டியிடம் வயிறு வலிக்கிறது என்றால் குத்தலா, இழுக்குதா, பொருமலா என்று கேட்டுவிட்டுத்தான் ஓமத்தைத் தேடுவாள். கல்லூரியில் படித்துவிட்டு வந்த நான் எண் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

அன்றைக்குப் புளியை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

எரிச்சல்

இதுதான் சுலபமாக இருந்தது. இரண்டு பாதமும் ஒரே மாதிரி, காலுறை போட்ட இடம் போல கணுக்கால் வரைக்கும். ராத்திரியில் அதிகம். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சிமெண்ட் தரையில் பாதத்தை ஒட்டிக்கொண்டு படுப்பாராம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் பத்து இடத்தில் ஐந்தில் தெரியவில்லை. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்பார்மின் சாப்பிடுகிறார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.2 வந்தது, பி12 ரொம்பக் குறைவு. நீண்ட நாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். அதனால் வரும் நரம்புப் பாதிப்பும் சர்க்கரையால் வருவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்த எரிச்சலுக்கு அவர் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோபினாக் வலி ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நரம்பு எரிச்சலை அடக்குவது வேறு வகை மாத்திரை.

குடைச்சல்

முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு உள்ளே யாரோ திருப்புளி வைத்துத் திருகுகிற மாதிரி. தொட்டால் வலிக்காது, அமுக்கினால் கொஞ்சம் சுகம். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி பள்ளிவிட்டு வந்தாள். ஆறாவது படிக்கிறாள். "அங்கிள் வந்திருக்காங்க" என்று சிரித்தாள். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, சுண்ணாம்பு தேய்த்த மாதிரி வெள்ளைத் திட்டு.

தர்மபுரிக்காரர்களுக்கு இந்தப் பல்லைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை. எங்கள் மாவட்டமும் கிருஷ்ணகிரியும் ஃபுளோரைடு தண்ணீருக்குப் பேர் போனவை. கீழே இருக்கிற பாறையின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சேர்கிறது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தண்ணீர் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று இருக்கும். அதனால் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: பெரியவருக்கு இருந்தால் பழைய பாதிப்பு, சரி. பதினொரு வயதுப் பெண்ணின் பல்லில் எப்படி? ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவள் அவள். நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாகும் சின்ன வயதில் உள்ளே போன ஃபுளோரைடுதான் இந்தக் கறையாகத் தெரியும். அப்படியானால் இந்த வீட்டில் அது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

"குடிக்கற தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான். குழாயில வருது."

"சமையலுக்கு?"

"அது போர்ல புடிக்கறது. அடுப்படி வாசல்லயே பைப்பு இருக்குதே, அதுக்கு ஏன் தெருவுக்குப் போகணும்? நல்லாக் கொதிக்க வச்சுதானே செய்யறோம்."

இதுதான் முடிச்சு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகும். இங்கே தினமும் களி. கேழ்வரகு மாவும் நொய்யும் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று களி கிண்டியவர்களைக் கேளுங்கள். சோறு, பருப்பு, குழம்பு எல்லாமே அந்தத் தண்ணீர். அப்புறம் ஒரு நாளைக்கு ஆறு தம்ளர் பால் ஊற்றாத டீ, வேலைக்கு நடுவே. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்வது, அது டிகாக்‌ஷனில் இறங்கிவிடும். போதாததற்கு வாயில் எப்போதும் பாக்கு.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய மூன்று சோதனைகளை அன்றைக்குச் செய்தேன். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது: முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. மோவாயால் நெஞ்சைத் தொடுவது: மூன்று விரல் இடைவெளி. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கித் தலைக்குப் பின்னால் தொடுவது: காதோடு நின்றது. காசு செலவில்லாத சோதனைகள், இரண்டு நிமிடம் ஆகும், இந்த மாவட்டத்தில் வேலை செய்கிற யாரும் மறக்கக் கூடாதவை, நான் மறந்தேன்.

மருத்துவர் முன்கை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. எலும்பு ஃபுளோரோசிஸுக்கு அது ஒரு முக்கியமான அடையாளம். சிறுநீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

இழுப்பு

காலையில் எழுந்தால் முக்கால் மணி நேரம் பலகை மாதிரி இருப்பது. இதில் மருத்துவர் அவசரப்படவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. முதுகு இறுகிப்போவது வேறு வாத நோயிலும் வரும், அதனால் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் ரத்தத்தில் அழற்சிக்கான சோதனையும் பார்த்தார், இரண்டும் ஒழுங்காக இருந்தன. ஃபுளோரோசிஸ் முற்றினால் தண்டுவடத்தையே அழுத்தலாம் என்பதால் கால் பலம், நரம்பு அனிச்சைகள், சிறுநீர் கட்டுப்பாடு எல்லாம் சோதித்தார், பயப்பட ஒன்றுமில்லை. ஆக, ஃபுளோரைடால் தசைநாண்கள் கெட்டிப்பட்டது ஒரு பங்கு, நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் புளி வேலை ஒரு பங்கு, பயத்தில் ஒன்பது வருடம் முதுகை அசைக்காமலே வைத்திருந்தது ஒரு பங்கு. மூன்றாவதுதான் பெரியது என்பது என் அபிப்பிராயம், நிரூபிக்க முடியாது.

ஊசி விஷயம்

வாரம் ஒன்று, புளி சீசனில் இரண்டு. யார் போட்டது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். பக்கத்திலேயே கிடைக்கிறது, போட்டால் இரண்டு நாள் வேலை ஓடும், கூலி வரும். அந்த அம்மாவின் கணக்கில் அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4 வந்தது, அது அதிகம். டைக்ளோபினாக் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், சர்க்கரை இருப்பவர்களுக்கு அது இரட்டை அடி. இதில் இன்னொரு கொடுமை, உடம்பிலிருந்து ஃபுளோரைடை வெளியே தள்ளுவதே சிறுநீரகம்தான். குடைச்சலுக்குப் போட்ட ஊசி, குடைச்சலின் காரணம் வெளியேறும் வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. (மாட்டுக்கு இந்த மருந்து போடுவதற்கு 2006இலேயே தடை வந்துவிட்டது, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால். கழுகும் மனுஷரும் ஒன்றில்லை, அளவும் வேறு, ஆனாலும் இதைச் சொன்ன பிறகுதான் அவர் வீட்டுக்காரர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்.)

என்ன செய்தோம்

ஊசி நிறுத்தம். எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், பி12 ஊசி, மெட்பார்மின் அளவைக் குறைத்து வேறொரு மாத்திரை சேர்த்தார்கள். முதல் வாரம் "வாய் காயுது, காலையில தலை தூக்க முடியல" என்று நிறுத்தப் பார்த்தார். அமிட்ரிப்டிலினை ராத்திரி பத்து மணிக்குப் பதில் எட்டு மணிக்குப் போடச் சொன்னதும் சரியானது.

குடைச்சலுக்கு மருந்தே கிடையாது. எலும்பில் ஏறிய ஃபுளோரைடு இறங்க வருடக்கணக்காகும், செய்யக்கூடியது உள்ளே போவதை நிறுத்துவது. சமையலுக்கும் ஆற்றுத் தண்ணீர் என்று முடிவானது, மருமகள் தலையில்தான் அந்த வேலை விழுந்தது, அதற்காக அவள் என்னை முறைத்ததும் நியாயம்தான். அவள் மகளைக் கூப்பிட்டு அந்தப் பல்லைக் காட்டச் சொன்னேன். அடுத்த மாதம் தன் இன்னொரு குழந்தைக்கு மூன்று வயது நிறைகிறது என்று மருமகளே விரல் விட்டு எண்ணினாள். அதற்குப் பிறகு குடம் தானாக வந்தது. களி நிற்க வேண்டாம், கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கால்சியம் நல்லது, தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். கூடவே முருங்கைக்கீரை, மோர், நெல்லிக்காய்.

இழுப்புதான் என் பங்கு. பெல்ட்டைக் கழற்றவே ஒரு மாதம் ஆனது. காரணம் தெளிவாகத் தெரியாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, இவர் வலிக்குக் காரணம் தெரியும் என்றாலும் பெல்ட் விஷயத்தில் வித்தியாசமில்லை. எட்டுப் பயிற்சித் தாளைத் தூக்கிப் போட்டேன். இரண்டே இரண்டு: குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, புளி மூட்டை மேல் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. நரம்பு எப்படிப் பழகிப்போய்ச் சின்னதையும் பெரிசாக்குகிறது என்பதற்கு மாரியம்மன் பண்டிகை மைக் செட் உதாரணம் சொன்னேன். பாட்டே போடாதபோதும் செட் "கூ"வென்று கத்தும் இல்லையா, அப்போது ஒயரை அறுக்க மாட்டோம், சத்தத்தை மெல்லக் குறைப்போம். "அப்ப முதுகு ஒடைஞ்சு போகலயா?" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக இந்தக் கேள்வியை யாரிடமோ கேட்கிறார்.

வேலை செய்யும் விதத்தில்தான் ரொம்ப நேரம் செலவானது. நல்ல நாள் வந்தால் ஒரே உட்காரலில் ஒரு மூட்டையை முடிப்பார், அடுத்த மூன்று நாள் படுக்கை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்றால் யார் கடிகாரம் பார்ப்பது? கடைசியில் கூடையை வைத்து அளந்தோம். பெரிய கூடையை எடுத்துவிட்டு அதில் பாதி பிடிக்கிற சின்னக் கூடை. அது நிரம்பினால் எழுந்து, திண்ணையைச் சுற்றி நடந்து, உள்ளே கொட்டிவிட்டு வர வேண்டும். நல்ல நாளிலும் அவ்வளவுதான், கெட்ட நாளிலும் ஒரு கூடையாவது. சம்மணத்துக்குப் பதில் முக்காலி, தட்டைக் கல்லுக்குக் கீழே ஒரு அடி உயர மரக்கட்டை. தெருப் பெண்கள் "மகாராணி சிம்மாசனத்துல புளி தட்டறாங்க" என்று கேலி செய்தார்கள். ஆடி மாதத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டில் அதே மரக்கட்டை.

சறுக்கியதும் உண்டு. வைகாசியில் உறவில் கல்யாணம், மூன்று நாள் சமையல், நின்றபடியே. நாலாம் நாள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார், எனக்குச் சொல்லவில்லை, பேத்தி சொன்னாள். நான் கோபப்பட்டேன், அது தேவையில்லாதது. வலி ஏறினால் என்ன செய்வது என்று நான் ஒன்றுமே சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பேத்தி காலண்டர் அட்டையின் பின்பக்கம் படம் வரைந்தாள்: முதல் நாள் வெந்நீர் ஒத்தடம், மருத்துவர் சொன்ன அளவுக்குள் பாராசிட்டமால், அரைக் கூடை, இரண்டாம் நாள் முக்கால் கூடை, மூன்றாம் நாளும் தீரவில்லையென்றால் எனக்கு போன். எழுத்து இல்லை, எல்லாம் படம். நான் கொடுத்த அச்சடித்த தாளைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு வருடம் கழித்து

எரிச்சல் கணுக்காலிலிருந்து விரல் நுனிக்கு இறங்கிவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4. தூக்கம் மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்தரைக்கு வந்திருக்கிறது. கிரியாட்டினின் 1.1. கல்யாணத்துக்கு அப்புறம் ஊசி இல்லை. இழுப்பு காலையில் பத்து நிமிடம். குனிந்து குடம் தூக்குகிறார், மருமகளோடு சண்டை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. மோவாய் இன்னும் நெஞ்சைத் தொடவில்லை, அந்த மூன்று விரல் அப்படியேதான் இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும் போலிருக்கிறது. குடைச்சல் வாரத்தில் நாலு ராத்திரி என்பது இரண்டாகியிருக்கிறது, அதில் தண்ணீர் மாற்றியதன் பங்கு எவ்வளவு, தூங்குவதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த போரில் தண்ணீர் பிடிக்கும் இன்னும் நாலு வீட்டுக்கும் ஆய்வக முடிவைக் காட்டினோம், இரண்டு வீட்டில் கேட்டார்கள்.

அட்டையில் எண் எழுதுவதை நிறுத்திவிட்டு மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். போன வாரம் போனபோது நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "எரியல. இழுப்பு கொஞ்சம். குடைச்சல் நேத்து ராத்திரி மட்டும்." டீ வந்தது, பால் ஊற்றிய டீ. குடித்துக்கொண்டே, இந்தப் பாக்கை மட்டும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று மெதுவாக ஆரம்பித்தேன். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணிய மாத்தச் சொன்ன, மாத்தினேன். டீய மாத்தச் சொன்ன, மாத்தினேன். பெல்ட்டக் கழட்டச் சொன்ன, கழட்டிப் போட்டேன். இத மட்டும் கேக்காதப்பா."